திருச்சிக்குப் போக மலிவு விமானம்: நிஜமாவே மலிவுதானா?

செந்தூல்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு கோலாலம்பூர்ல இருந்து திருச்சிக்குப் போகணும். டிக்கெட் தேடினா முதல் திரையில ஒரு விலை, காசு கட்டுற திரையில வேற விலை. கையில கொண்டுபோக 7 கிலோதான், அதுவும் ரெண்டு பையும் சேர்த்து. கல்யாணத்துக்குப் போறவங்க 7 கிலோவுல எதைக் கொண்டுபோறது? பட்டுப்புடவையும் சீர்வரிசைச் சாமானுமே அதைத் தாண்டிடும். பெட்டிக்குத் தனிக் காசு, அம்மா பக்கத்துல உட்காரத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. கூட்டிப் பார்த்தா, பெட்டியும் சாப்பாடும் டிக்கெட்லயே சேர்ந்து வர்ற முழுச்சேவை விமானத்தோட விலைக்குக் கிட்ட வந்துடுது. மலிவுங்கிற பேரே நம்ம ஆளுங்களைத் திசைதிருப்புதுன்னு நான் சொல்றேன். மறுப்பு இருந்தா எழுதுங்க.

பட்டர்வொர்த்_அக்கா:
மறுப்பு இருக்கு தம்பி. நான் ஒரு முதுகுப்பையோட போயிட்டு வர்றவ. உங்க பெட்டிக்கு நான் ஏன் காசு கட்டணும்? முழுச்சேவை டிக்கெட்டுல அதுதானே நடக்குது, பெட்டி இல்லாதவனும் சேர்த்துக் கட்டுறான்.

இன்னொண்ணும் சொல்றேன். 2001-ல டோனி பெர்னாண்டஸும் கமாருடின் மெரானுனும் நம்ம மலேசிய மலிவு விமான நிறுவனம் ஏர் ஆசியாவை வாங்கின விலை ஒரே ஒரு ரிங்கிட். கூடவே வந்தது ரெண்டு போயிங் 737, சுமார் 40 மில்லியன் ரிங்கிட் கடன். அதுக்கு முந்தி தோட்டத்துல இருந்து வந்த எங்க குடும்பத்துல விமானம் ஏறினவங்க யாரு? ஊர்ல சாவுன்னு சேதி வந்தா இங்கேயே உட்கார்ந்து அழுவோம். போறதைப் பத்தி யாரும் பேசக்கூட மாட்டாங்க. 2008 டிசம்பர்ல அவங்க திருச்சிக்கு நேரா விட்ட பிறகுதான் எங்க வீட்டுல போக்குவரத்தே ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி போன ஒண்ணு ரெண்டு பேரும் சென்னையில இறங்கி, 300 கிலோமீட்டருக்கு மேல ரயில்லயோ பஸ்லயோ போனவங்கதான்.

ஹேங்கர்_தம்பி:
விமானப் பராமரிப்புலதான் எனக்கு வேலை. விலை ஏன் குறையுதுன்னு தெரிஞ்சா பேச்சு தெளிவாகும்.

ஏர் ஆசியா 2005 கடைசியில போயிங்கை விட்டு ஏர்பஸ் ஏ320-க்கு மாற ஆரம்பிச்சது. குறுந்தூரம் முழுக்க அந்த ஏ320 வகை விமானங்கள்தான். விமானிக்கு ஒரே பயிற்சி, மெக்கானிக்குக்கு ஒரே கைப்பழக்கம், கிடங்குல ஒரே வகை உதிரிப்பாகம். பிசினஸ் வகுப்பு வச்சு ரெண்டு வகுப்பாப் பிரிச்சா அந்த விமானத்துல 150 இருக்கை மாதிரிதான் வரும். இவங்க பழைய ஏ320-ல 180 போட்டாங்க, அதே வகையில நீளமான ஏ321 நியோவுல 236. விமானிச் சம்பளமும் தரையிறங்குற கட்டணமும் அதேதான், ஆனா கூடுதல் தலைகள் மேல பிரியுது. தூரப் பயணத்துக்கு ஏர் ஆசியா எக்ஸ் வச்சிருக்கிற ஏ330-லயும் அப்படித்தான். மத்தவங்க வரிசைக்கு 8 இருக்கை போடுற இடத்துல 9.

அடுத்தது நேரம். இறங்கி, ஆளை இறக்கி, பணிப்பெண்களே குப்பையை அள்ளி, எண்ணெய் ஊத்தி, ஆளை ஏத்தி, திரும்பக் கிளம்ப 25 நிமிஷம்தான் இலக்கு. தரையில நிக்கிற விமானம் சம்பாதிக்காது. பெட்டிக்குக் காசு வாங்கினா பெட்டி குறையும், பெட்டி குறைஞ்சா ஏத்தி இறக்குற வேலையும் சீக்கிரம் முடியும்.

இதுல பலவீனமும் அங்கேயேதான் இருக்கு. ஒரே விமானம் நாள் முழுக்க ஓடும்போது காலையில அரை மணி தாமதமானா, அதை நடுவுல ஈடுகட்ட இடமே இல்ல. ராத்திரி கடைசிப் பயணம் வரைக்கும் அது வளர்ந்துக்கிட்டே போகும்.

செந்தூல்வாசி:
அந்த ராத்திரி கடைசிப் பயணத்துல மாட்டினவங்க நாங்க. நிறுவனத்தோட பேர் வேண்டாம், அதுவும் ஒரு மலிவு விமானம்தான். அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். தாமதத்துல சாப்பாட்டு நேரம் தப்பி, ஏறி உட்கார்ந்ததும் கை நடுங்க ஆரம்பிச்சுது. கைப்பையில இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். மாத்திரை போடத் தண்ணி கேட்டா, வண்டி வரும்போது போத்தல் வாங்கிக்குங்கன்னு பதில். வண்டி முன்வரிசையில ஆரம்பிச்சு எங்க வரிசைக்கு வர்ற வரைக்கும் அம்மா அந்த மாத்திரையை உள்ளங்கையில மூடி வச்சுக்கிட்டே இருந்தாங்க. 180 பேரை ஏத்துற கணக்கெல்லாம் எனக்கும் புரியுது. ஒரு டம்ளர் தண்ணி அந்தக் கணக்கை எப்படிக் கெடுக்கும்?

பட்டர்வொர்த்_அக்கா:
தண்ணி விஷயத்துல உங்க பக்கம்தான் நான். மருந்துக்குக் கேட்டா கொடுத்தே ஆகணும். ஆனா அதுக்காக எல்லார் டிக்கெட்லயும் சாப்பாட்டைச் சேர்க்கச் சொன்னா ஒத்துக்க மாட்டேன். சாப்பாடு வேணும்கிறவங்க முன்பதிவு பண்ணிக்கலாம், அந்த நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, நல்லாவே இருக்கும். சூடா வரும், சம்பல்ல காரம் குறைக்க மாட்டாங்க. விரதம் இருக்கிற என் மாமியாருக்கு அது வேண்டாம், அதனால அவங்க காசு கட்டுறதும் இல்ல.

பினாங்குப்_பெரியவர்:
பிள்ளைகளா, நான் ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவன். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோம். பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985-ல் அது தீப்பிடித்த பிறகு அந்த வழியும் நின்றுபோனது. ஆகவே வழி திறந்துவிட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பினாங்கிலிருந்தே சென்னைக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. அதுவும் மலிவு விமானம்தான்.

ஆனால் வயதானவர்களுக்கு உள்ள சிரமத்தை யாரும் எழுதவில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தின் கே.எல்.ஐ.ஏ 2 முனையத்தில் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி, மேம்பாலம் ஏறி இறங்கி, கதவு வரைக்கும் நடக்கிற நடை என் முழங்காலுக்குத்தான் தெரியும். செந்தூல் தம்பி, அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்குமென்று நம்பி நிற்காதீர்கள்.

ஹேங்கர்_தம்பி:
ஐயா சொன்னது முக்கியம். திருச்சிக்கு பாதிக் ஏரும் பறக்குது, முன்னாடி மாலிண்டோன்னு இருந்ததுதான். பெட்டியோட கணக்குப் போட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. போட்டி இருக்கிற தடத்துல வாரத்துக்கு வாரம் விலை மாறும்.

தாமதத்துக்குச் சட்டம் இருக்கு. மலேசியாவோட 2016 விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிப்படி 2 மணி நேரம் தாண்டினா சாப்பாடு கொடுக்கணும். 5 மணி நேரம் தாண்டி ராத்திரி தங்க வேண்டி வந்தா ஓட்டலும் வண்டியும் கொடுக்கணும். 2024 செப்டம்பர்ல இருந்து, 5 மணி நேரத்துக்கு மேல தாமதமானா பயணத்தை விட்டுட்டு, கட்டின வழியிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், 30 நாளுக்குள்ள வரணும். மலிவு விமானம்னு விலக்கு கிடையாது. வரியும் கட்டணமும் சேர்த்த முழு விலையைக் காட்டணும்கிறதும் அதே விதியில இருக்கு.

செந்தூல்வாசி:
வரி சேர்த்த விலை போதாது தம்பி. 20 கிலோ பெட்டியோட எவ்வளவுன்னு முதல் திரையிலேயே பக்கத்துல போடணும். நம்ம சனம் திருச்சிக்குக் கைவீசிக்கிட்டா போகுது? பயணிகள் புகாரைப் பார்த்துக்கிட்டிருந்த மேவ்காம் அமைப்போட வேலையெல்லாம் 2025 ஆகஸ்ட்ல இருந்து சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கிட்ட போயிடுச்சு, அங்கே எழுதப் போறேன். மருந்துக்குத் தண்ணி இலவசம், பெட்டியோட விலை முன்னாலேயே, இந்த ரெண்டும்தான் கேக்கப் போறேன். சேர்றவங்க சொல்லுங்க.

பட்டர்வொர்த்_அக்கா:
தண்ணிக்கு என் பேரைப் போடுங்க. பெட்டி விலைக்குப் போடாதீங்க. முதல் திரையில பெரிய தொகையைப் பார்த்தா, முதன்முதலா விமானம் ஏற நினைக்கிற ஆயா பயந்து போனை மூடிடும்.

பினாங்குப்_பெரியவர்:
இரண்டுக்கும் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை மலாயில் எழுதுங்கள், சீக்கிரம் படிப்பார்கள்.