ஃபிக்ஸேஷனுக்குப் ‘பதனிடல்’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வேலூரில் திசு லேபில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் என் பங்குக்கு ஒரு சொல். வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) போன்ற கரைசலில் போட்டு வடிவம் மாறாமல் பிடித்துவைப்பதுதான் ஃபிக்ஸேஷன். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே நடக்கும் பேச்சில் இதுவரை வந்தவை நிலைநிறுத்தல், உறைவித்தல், பதப்படுத்தல். முதல் சொல் பள்ளிப் பாடத்தில் நைட்ரஜனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எலும்பு முறிவுக்குத் தகடு வைப்பவர்களுக்கும் அதுதான் வேண்டும். உறைவித்தலை, திசுவை உறையவைத்துச் சீவும் ஃப்ரோஸன் செக்‌ஷனுக்கு விட்டுவைப்போம். அங்கே திசு நிஜமாகவே குளிரில் உறைகிறது. பதப்படுத்தலோ மீன், பால், மாம்பழக்கூழ் வரைக்கும் போகிறது. கெடாமல் வைப்பது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

நமக்குக் கெடாமல் வைத்தால் மட்டும் போதாது. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த கணமே செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தச் செல்லையே தின்ன ஆரம்பிக்கின்றன. வேலூர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். ஃபார்மால்டிஹைடு அந்த நொதிகளையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது; புரதத்துக்கும் புரதத்துக்கும் நடுவே பாலம் போடுகிறது. அதனால்தான் பிறகு ஆல்கஹால், சைலீன், 60 டிகிரி மெழுகு என்று அத்தனை சித்திரவதையையும் தாண்டி, 3–4 மைக்ரான் தடிமனில் சீவினாலும் செல் தன் வடிவத்தோடு நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அனுப்பும் பாட்டில்களைப் பார்க்க வேண்டுமே! வாய் குறுகிய பாட்டிலில் கர்ப்பப்பையைத் திணித்து அனுப்புகிறார்கள். போகும்போது கொழகொழவென்று போனது, ஃபார்மலினில் விறைத்தபின் வெளியே வர மறுக்கும். பாட்டிலைத்தான் உடைக்க வேண்டும். வெளியே எடுத்து அறுத்தால் ஓரம் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும், நடுவில் இன்னும் சிவப்பு. ஃபார்மலின் அவ்வளவு மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். திசுவைப் போலப் பத்து மடங்கு கரைசல், அகல வாய் டப்பா, பெரிய உறுப்பென்றால் முன்கூட்டியே பிளந்து போடுவது: இவ்வளவுதான் கேட்கிறோம்.

என் பரிந்துரை பதனிடல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் பழைய வட ஆற்காட்டில் இந்தச் சொல் தெரியாதவர் யார்?

*

ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தோல் வேதியியல் என் பிழைப்பு.

வேலூர் நண்பர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பச்சைத்தோல் எங்களிடம் உப்புத் தடவித்தான் வரும். அது கெடாமல் இருக்கும், ஆனால் தண்ணீரில் ஊறவைத்து உப்பு போய்விட்டால் மறுபடி அழுக ஆரம்பித்துவிடும். அதுதான் பதப்படுத்தல். ஆவாரம்பட்டையோ குரோமியமோ ஏறிய பின் அப்படியில்லை. எவ்வளவு ஊறவைத்தாலும் தோல் தோலாகவே இருக்கும், வெந்நீரையும் முன்னைவிட அதிகம் தாங்கும். காரணம் நீங்கள் சொன்னது போன்ற பாலங்கள்தான். ஃபார்மால்டிஹைடை வைத்தே வெள்ளைத் தோல் பதனிடுவதும் உண்டு. இது உவமையே இல்லை, வேதியியல் ஒன்றுதான்.

*

நோய்க்குறியியல் பார்க்கும் மருத்துவராக எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, ஃபார்மலின் போடும் பாலம் அவ்வளவு நிரந்தரமில்லை. குறிப்பிட்ட புரதத்தை மட்டும் நிறமேற்றிக் காட்டும் இம்யூனோ சாயத்துக்காக ஸ்லைடை சிட்ரேட் கரைசலில் போட்டுக் குக்கரில் கொதிக்கவிட்டால் ஃபார்மலின் மூடிவைத்த புரத இடங்கள் பெருமளவு திறந்துகொள்கின்றன. இரண்டாவதுதான் பெரியது. மார்புக் கட்டிக்கு பயாப்சி செய்துகொண்ட பெண்ணிடம் போய், “உங்கள் திசுவைப் பதனிட்டிருக்கிறோம்” என்று எப்படிச் சொல்வது? அந்தம்மா காதில் ஆட்டுத்தோல்தான் விழும்.

*

மறுபடி வேலூரிலிருந்து நான். டாக்டர் அம்மா சொல்வதில் முதலாவது சரி. ஆனால் ஃபிக்ஸேஷன் என்ற சொல்லும்தான் கொதிக்கவைத்தால் அவிழும் என்று சொல்வதில்லை. அதைக் குறைகூறாமல் புழங்குகிறோம். இரண்டாவதற்கு: நோயாளியிடம் “மருந்தில் போட்டு வைத்திருக்கிறோம்” என்றால் போதும், இப்போதும் அப்படித்தான் சொல்கிறோம். இந்தச் சொல் லேப் மாணவர்களுக்கும், ஆபரேஷன் தியேட்டரில் பாட்டிலை நிரப்பும் சிஸ்டருக்கும். தோல் வேலை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கத்துக்காக நல்ல சொல்லை விட எனக்கு மனசில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபிக்ஸேடிவுக்கு, அதாவது ஃபிக்ஸேஷன் செய்யும் கரைசலுக்கு, வினையிலிருந்தே ‘பதனி’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். ஐயா, பதனி என்றால் பனையிலிருந்து இறக்கும் பதநீர்! ஃபார்மலின் கேனில் அப்படி எழுதி ஒட்டிவைத்தால், வெயிலில் வந்த யாராவது எடுத்துக் குடித்துவைப்பார்கள். பதனிடு கரைசல் என்று நீளமாகவே இருக்கட்டும். பத்து சத ஃபார்மலினும் புவான் (Bouin) கரைசலும் அதில் அடங்கும்.

அடுத்து கிளியரிங். ஆல்கஹாலைச் சைலீன் வெளியேற்றும்போது திசு எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும்படி ஆகிறதே, அந்தக் கட்டம். ‘தெளிவாக்கல்’ எனக்கு ஒப்பவில்லை, அது கலங்கல் தண்ணீருக்குச் சொல்வது. ‘ஒளியூட்டல்’ விளக்குக் கடை மாதிரி இருக்கிறது. யாரிடமாவது வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள். எம்பெடிங்குக்கு ‘மெழுகில் பதித்தல்’ போதும், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.