முதல் ரோடு பைக்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க (வடசென்னை)

தங்கசாலைத் தம்பி

ரோடு பைக் என்றால் வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் உள்ள சைக்கிள்தான், மோட்டார் பைக் இல்லை. மாடல், கியர், விலை எல்லாம் மனப்பாடம் ஆன பிறகுதான் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். நான் கேட்ட வண்டியில் 56 ஃபிரேம் சைஸ் மட்டும்தான் இருந்தது. என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், 51 அல்லது 52தான் சரிப்படும். கடைக்காரர் சீட்டை அடிவரைக்கும் இறக்கி என்னை ஏறி உட்காரச் சொன்னார். "கால் எட்டுதில்ல சார்? அவ்ளோதான் சைஸு." தள்ளுபடி உண்டு, பாட்டில் இலவசம். நான் கார்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

கடையின் பின்பக்கத்தில் ஒரு பெரியவர் வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. போக்ஸ் கம்பியைத் திருகிக்கொண்டே, "சீட்ட எறக்கலாம் தம்பி. கைய வளக்க முடியுமா?" என்றார்.

கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி நழுவிவிட்டேன். வேறு இடத்தில் 52 கிடைத்தது. ஹேண்டிலைப் பிடித்ததும் முழங்கை லேசாக மடங்கியது, அவர் சொன்னதன் அர்த்தம் அங்கேயே விளங்கிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து அந்தக் கடைப் பக்கம் போனேன். அந்த மூலையில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். பெரியவர் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே நின்றாரா, அந்த ஒரு வார்த்தைக்காக நிறுத்தினார்களா?

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

எர்ணாவூர் பெடல்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் டிரைலர் வரிசையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். புது வண்டி, 25 மில்லிமீட்டர் அகல டயர், அந்த வரிசையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு டிரைவர் வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். கரண்டியை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

முதல் கேள்வி விலைதான். எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள். நான் எப்போதும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வேன், அன்றைக்கு என்னவோ உள்ளதைச் சொல்லிவிட்டேன்: நாற்பத்தைந்தாயிரம். அவர் வாயைப் பிளக்கவில்லை. தன் டிரைலர் டயரைக் கரண்டியால் தட்டி, "இதுல ரெண்டு" என்றார். அப்புறம் குனிந்து என் சீட்டுக்கு அடியில் தேடினார், ஃபிரேமுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"ஸ்டெப்னி எங்க?"

டியூப் இல்லை, பம்பு இல்லை, டயரை நெம்ப லீவர் இல்லை. இரண்டு பாட்டில் இருந்தது. "ஸ்டெப்னி இல்லாம எங்க ஓனர் கேட்டைத் தாண்ட விடமாட்டான்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கிளறப் போய்விட்டார். அந்த வாரமே ஒரு பள்ளத்தில் இறங்கியதில் டயர் ரிம்மோடு நசுங்கி, டியூபில் பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை. எனக்கு வண்டி விற்றவர் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கார்பன் ஃபோர்க் பற்றி அரை மணி நேரம் பேசினார். இந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

வியாசர்பாடி வசந்தம்

மூலக்கடை மேம்பாலம் இறங்கும்போது பின் டயர் உட்கார்ந்துவிட்டது. டியூபை நானே மாற்றிவிட்டேன். கைப்பம்பில் முழுசாக ஏற்றுவதற்குள் தோள் கழன்றுவிடும் என்று பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கூட என் தம்பி. அவனுக்கு ஸ்கூட்டி தவிர எதுவும் தெரியாது.

கடைக்கார அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி, எவ்ளோ காத்து?" அவன் என்னைப் பார்க்கிறான். "எம்பது" என்கிறேன். "தம்பி, எம்பதா?" என்று அவனிடமே கேட்கிறார். கியர் எத்தனை, வெயிட் எவ்வளவு, எந்த ஊர் வண்டி, எல்லாக் கேள்வியும் அவனுக்கு, எல்லாப் பதிலும் என்னிடமிருந்து. இப்படியே ஓடியது, வால்வைப் பார்க்கிறவரைக்கும். பிரஸ்டா வால்வுதான், தெரியுமே: ஒல்லியாக இருக்கும், அவருடைய காற்றடிக்கும் கன் அதில் உட்காராது. இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார், இருந்த காற்றும் போயிற்று.

நான் நுனியிலிருந்த குட்டி நட்டைத் தளர்த்தி, விரலால் ஒரு தட்டுத் தட்டி, பையிலிருந்த பித்தளை அடாப்டரை மேலே திருகினேன். இப்போது சாதா வால்வு மாதிரிதான். அண்ணன் கன்னை என்னிடம் நீட்டி, "நீயே புடிம்மா, எனக்கு இது புரியல" என்றார். மரியாதையில் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. காசு வாங்கவில்லை. அடாப்டர் முப்பது, ஐம்பது ரூபாய் சமாச்சாரம். இன்னொன்று வாங்கி அவர் கடை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

பழைய இரும்பு

தங்கசாலைத் தம்பி, அந்தப் பெரியவர் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். கை எட்டாத வண்டிக்கு, ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 80 போட்டால் ஹேண்டில் இரண்டு சென்டிமீட்டர் கிட்ட வரும். 56-ஐ 52 ஆக்க அது போதாதுதான், சரி விடுங்கள். என் கதை சின்னது: கூட வந்த மாமா விலையைக் கேட்டு, இந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டியே வருமே என்று கடை வாசலிலேயே சண்டை பிடித்தார். அவ்வளவுதான். ஆனால் புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

உயரத்தை மட்டும் வைத்து சைஸ் பார்க்காதீர்கள். வெறுங்காலில் சுவரோடு நின்று, கவட்டையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் வருவதுதான் பெடல் மாட்டியிருக்கும் கிராங்கின் நடுவிலிருந்து சீட் மேற்பரப்பு வரைக்குமான உயரம். 80 சென்டிமீட்டர் கால் என்றால் எழுபதரை. தோராயம்தான், அங்கிருந்து ஆரம்பித்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம்.

டயர். நம் ஏரியாவில் 28-க்குக் குறைந்து வாங்குகிறவர் மணலி ரோட்டில் லாரி தோண்டிய பள்ளங்களைப் பார்க்காதவர். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய காலிப்பர் பிரேக் வண்டியில் பெரும்பாலும் 28-க்கு மேல் நுழையாது, டிஸ்க் வண்டியில் 32 தாராளமாக நுழையும். எழுபது கிலோ ஆளுக்கு 28-ல் காற்றழுத்தம் 75 பிஎஸ்ஐ பக்கம், 32-ல் 60 பக்கம் போதும். ரோடு பைக் என்றாலே 120 அடிக்க வேண்டும் என்கிறவரோடு வாதாட வேண்டாம், அவர் முதுகு பேசிக்கொள்ளும்.

கியர். ஷிமானோ கம்பெனி கியர் செட்டில் கிளாரிஸுக்குப் பின்பக்கம் 8 கியர், சோராவுக்கு 9, டியாக்ராவுக்கு 10. நமக்கு மலை என்று இருப்பதே மூலக்கடை மேம்பாலமும் எர்ணாவூர் மேம்பாலமும்தான். கிளாரிஸ் ஏராளம். மிச்சத்தை ஹெல்மெட், பம்பு, பின்விளக்கில் போடுங்கள். பின்விளக்கு பகலிலும் எரியட்டும், டிரைலர் டிரைவர் உட்காரும் உயரத்திலிருந்து நீங்கள் தெரிவதே கஷ்டம்.

திருவொற்றியூர், காசிமேடு பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று செயினைத் தின்றுவிடும். துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில், கொஞ்ச நேரம் விட்டு வழிந்ததைத் துடைக்க வேண்டும். கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை, அப்புறம் மணல் ஒட்டிக்கொண்டு கரகரவென்கிறது என்று புலம்புவார்கள். ஸ்கூட்டர் கிரீஸ், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவதானால் கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஃபிரேம் மூட்டுகளில், பெயின்டுக்கு அடியில் கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

காசிமேட்டு காலை

பழைய இரும்பு அண்ணே, கதை இரண்டு வரி, உபதேசம் இரண்டு பக்கமா? நான் 25 டயரில், காலிப்பர் பிரேக்கில், இதே ரோட்டில்தான் வருஷக்கணக்காக ஓட்டுகிறேன். 28 இல்லாவிட்டால் வண்டியே வாங்காதே என்கிற மாதிரி எழுதினால், இருபதாயிரத்துக்குப் பழைய வண்டி பார்த்துவைத்திருக்கிற பையன் அப்படியே விட்டுவிடுவான். பள்ளத்தைப் பார்த்து, பெடல் மேல் எழுந்து நின்று, கையைத் தளர்த்தி விடத் தெரிந்தால் போதும்.

ஆனால் தண்டவாள விஷயத்தில் மெல்லிய டயர் ஆபத்து, அதை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கொருக்குப்பேட்டை கேட் திறந்ததும் ரெண்டு பக்கமும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் பாயும். ஒரு ஆட்டோவுக்கு ஒதுங்குகிறேன் என்று சாய்த்தேன், முன்சக்கரம் தண்டவாளத்து இடுக்கில் இறங்கிக்கொண்டது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். பின்னால் ஹாரன் சத்தம்.

தூக்கிவிட்டது ஒரு மீன்பாடி வண்டிக்காரர். என்னைக் கேட்கவே இல்லை, என் சைக்கிளை எடுத்து ஐஸ் பெட்டிகளுக்கு மேல் போட்டார், "குந்து" என்றார். வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் ஒரே பாடம்: "தண்டவாளத்த நேரா வெட்டி ஏறணும் நைனா. எடம் இல்லன்னா எறங்கித் தள்ளு. மூணு சக்கரம் வச்சிருக்கிற நானே எறங்குறேன், உனுக்கு இன்னா அவசரம்?" இறங்கியதும் சில்லறை எடுப்பதற்குள் போய்விட்டார். அந்த வழியில் போகிற மீன்பாடி வண்டி ஒவ்வொன்றிலும் முகத்தைத் தேடுகிறேன், ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டிருக்கிற என்னை அவருக்கு எங்கே அடையாளம் தெரியப்போகிறது.

பேசின் பிரிட்ஜ்

சின்னதுதான். ஷூவைப் பெடலோடு மாட்டும் கிளீட் போட்ட முதல் வாரம். சிக்னலில் நின்றேன், கால் கழலவில்லை. குதிகாலை வெளிப்பக்கம் திருக வேண்டும் என்பது நினைவுக்கு வருவதற்குள் சாய ஆரம்பித்துவிட்டேன். டியூட்டியில் இருந்த டிராஃபிக் கான்ஸ்டபிள் ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். பச்சை விழுந்ததும், குழந்தைக்குச் சைக்கிள் கற்றுத் தருகிறவர்போல் பத்தடி தள்ளிக்கொண்டே வந்து விட்டார். "பழகிட்டு ரோட்டுக்கு வாங்க சார்" என்றார். மொத்த சிக்னலும் பார்த்தது.

தங்கசாலைத் தம்பி

பழைய இரும்பு சார், ஸ்டெம்மைக் குறைத்தால் ஹேண்டில் வெட்டு வெட்டென்று திரும்புமே? அதையும் சொல்லியிருக்கலாம். காசிமேடு அண்ணா, அடி ஒன்றும் பலமில்லையே?

மீஞ்சூர் எதிர்காற்று

யாரும் காற்றைப் பற்றி எழுதவில்லை. முதல் நீளமான ஓட்டம் பழவேற்காடு, சித்திரை மாதம். விடியற்காலையில் கிளம்பி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பறந்து போனேன். நான் இவ்வளவு வேகக்காரனா என்று எனக்கே ஆச்சரியம். மீன் வறுவல் சாப்பிட்டு, ஏரியைப் பார்த்து, வெயில் ஏறிய பிறகு தெற்கே திரும்பினேன். தென்கிழக்கிலிருந்து கடல் காற்று மூஞ்சியில் அறைகிறது. வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்து எவ்வளவு குனிந்தாலும் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் வேகம் ஏறவில்லை.

பொன்னேரி ஸ்டேஷனில், வியாபாரிகள் கூடையோடு ஏறும் வெண்டார் பெட்டியில் வண்டியை ஏற்றிவிட்டேன். சட்டப்படி சரியா என்று இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம். மீன்கூடைக்கார அம்மாக்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு அம்மா வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"கேரியர் இல்லியேப்பா, இதுல இன்னாத்த ஏத்துவ?"

"ஒண்ணும் ஏத்த மாட்டேன்மா. சும்மா ஓட்டறதுதான்."

"சும்மாவா?" என்று எதிரில் இருந்தவரிடம் திரும்பினார். "பழவேற்காட்டுக்கு சும்மா போய்ட்டு வருதாம் புள்ள." பெட்டியே சிரித்தது. திருவொற்றியூரில் இறங்கும்போது வண்டியைக் கீழே வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், "ஐயோ, வெயிட்டே இல்ல" என்று இன்னொரு தடவை சிரித்தார்.

கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் பொன்னேரி தாண்டித் திரும்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும், போகும்போதுதான் எதிர்காற்று, வீடு திரும்புகையில் அதுவே தள்ளிவிடும். மழை இல்லாத நாளாகப் பார்த்து அப்போது போவது மேல்.