பொருள்: மெயில் எக்ஸ்சேஞ்சர் – ‘அஞ்சல் பரிமாற்றி’ வேண்டாம், ‘அஞ்சல் ஏற்பி’

கல்லடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளுக்கான கையேட்டு வரைவில் மெயில் எக்ஸ்சேஞ்சரை (சுருக்கமாக எம்எக்ஸ்) ‘அஞ்சல் பரிமாற்றி’ என்று எழுதியிருக்கிறோம். ‘அஞ்சல் ஏற்பி’ என்று மாற்றுவோம். பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் வாங்குவதும். எம்எக்ஸ் பதிவு சொல்வதோ வாங்குவதை மட்டும்: இந்த ஆள்களத்துக்கு (டொமைன் என்ற இணையப் பெயருக்கு) வரும் அஞ்சலை ஏற்கும் கணினி எது? எந்தக் கணினிகள் அனுப்பலாம் என்பதைச் சொல்வது எஸ்பிஎஃப் பதிவு. ‘பரிமாற்றி’ என்று படித்த ஆசிரியர், தான் அனுப்பிய அஞ்சல் ஸ்பாமுக்குப் போனால் எம்எக்ஸைத்தான் கிண்டுவார். பார்க்க வேண்டியவை எஸ்பிஎஃப்பும், அனுப்பும் அஞ்சலில் இடும் மின்கையொப்பமான டிகேஐஎம்மும்.

பக்கத்தில் வரும் பிரயோரிட்டிக்கு ‘முன்னுரிமை எண்’ என்பதும் பிழையாக வழிகாட்டும். 0, 10, 20 என்று இருந்தால் முதலில் அணுகப்படுவது 0. பெரிய எண்ணுக்குப் பெரிய உரிமை என்றே எவரும் நினைப்பார். ‘முறையெண்’ என்றால் முதல் முறை, அடுத்த முறை என்று தானே விளங்கும்.

கல்முனையிலிருந்து:

சேர், ஏற்பிக்கும் முறையெண்ணுக்கும் என் சம்மதம். அதைவிட அவசரம், வலைத்தள வழங்கியை (சேர்வரை) நிர்வகிக்கும் சீபேனலின் ஈமெயில் ரூட்டிங்குக்கு நாம் போட்டிருக்கும் ‘அஞ்சல் வழிப்படுத்தல்’. அந்தத் தெரிவு இணையத்தில் ஒரு வழியையும் மாற்றாது. எம்எக்ஸ் பதிவு வெளியாருக்கு; இது அந்த வழங்கிக்கே இடும் கட்டளை. ‘லோக்கல்’ என்றால் உன்னிடமுள்ள பெட்டியில் போடு. ‘ரிமோட்’ என்றால் எம்எக்ஸைப் பார்த்து வெளியே அனுப்பு.

இது விளங்காததால் வரும் கோளாறு கண்டுபிடிக்கக் கடினமானது. பாடசாலை தன் அஞ்சலை கூகுள் வேர்க்ஸ்பேஸுக்கு மாற்றுகிறது. எம்எக்ஸ் சரி, தெரிவு மட்டும் லோக்கலில் நிற்கிறது. ஜிமெயிலிலிருந்து அதிபருக்கு எழுதினால் கிடைக்கும். பாடசாலை வலைத்தளத்தின் தொடர்புப் படிவத்தில் எழுதினால் கிடைக்காது. படிவம் ஓடும் வழங்கி வெளியே பார்க்காமலே பழைய பெட்டியில் போட்டுவிடும். அந்தப் பெட்டியை அழித்திருந்தால் 550 என்ற மறுப்பாவது வரும். அழிக்காவிட்டால் மறுப்பும் வராது, மாதக்கணக்கில் பெற்றோரின் கடிதங்கள் அங்கேயே கிடக்கும். அதே வழங்கியிலுள்ள மற்ற ஆள்களங்களின் அஞ்சலுக்கும் இதே கதிதான். எதிர்ப்பக்கமும் உண்டு: பெட்டிகள் இங்கே இருக்க ரிமோட்டைத் தெரிவுசெய்தால், வெளியிலிருந்து வருவதை வழங்கி தன்னுடையதல்ல என்று திருப்பிவிடும்.

ஆகவே ‘அஞ்சல் ஏற்பிடம்’, அதன் கீழ் ‘உள் ஏற்பு’, ‘வெளி ஏற்பு’ என்று முன்வைக்கிறேன்.

காரைதீவிலிருந்து:

தம்பி சொன்ன விளக்கத்தை அப்படியே கையேட்டில் சேர்க்க வேண்டும். சொல்லில்தான் மறுப்பு. தொலைபேசியில் ஒருவருக்கு உதவும்போது ‘ஏற்பி’, ‘ஏற்பிடம்’ இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். ஏற்பி எம்எக்ஸுக்கே இருக்கட்டும். இதற்கு ‘சேர்ப்பிடம்’, ‘உள் சேர்ப்பு’, ‘வெளிச் சேர்ப்பு’ போதும்.

ஏற்பி என்ற தலைப்பில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சீபேனல் வழக்கமாக எம்எக்ஸை ஆள்களப் பெயருக்கே காட்டி வைக்கிறது, முறையெண் 0. பிறகு வலைத்தளத்தை மட்டும் வேறு வழங்கிக்கு மாற்ற, பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் ஏ பதிவைத் திருத்தினால் அஞ்சலும் பின்னாலேயே போய்விடும். ‘மெயில்’ என்ற துணைப்பெயருக்குத் தனி ஏ பதிவு போட்டு, பழைய வழங்கியின் ஐபி முகவரியைக் கொடுத்து, எம்எக்ஸை அதற்குக் காட்ட வேண்டும். அந்தத் துணைப்பெயர் ஏற்கெனவே, இன்னொரு பெயரைச் சுட்டும் சிநேம் பதிவாக இருக்கும். அதை முதலில் நீக்காமல் ஏ பதிவு ஏறாது. எம்எக்ஸில் ஐபி முகவரியை நேரே எழுதவும் கூடாது. ஒரு பதிவின் விடையை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 14400 என்றிருந்தால் பழைய விடை 4 மணித்தியாலம் வரை நிற்கும். மாற்றத்துக்கு முந்திய நாளே 300 ஆகக் குறைத்துவிடுங்கள்.

கல்முனையிலிருந்து:

சேர்ப்பிடம் நல்லது, எடுத்துக்கொள்வோம். அங்கேயுள்ள ‘பேக்கப்’ என்ற தெரிவும் இருக்கிறது. முதன்மை ஏற்பி எழும்பும்வரை அஞ்சலை வைத்திருந்து ஒப்படைப்பது அதன் வேலை. ‘காப்பு’ என்றால் காப்புப்பிரதி என்று எண்ணி, அஞ்சல் எல்லாம் படியெடுக்கப்படுவதாக நம்பிவிடுவார்கள். ‘இடைத்தங்கல்’ சரியாகப் பொருந்துமா?

கல்லடியிலிருந்து:

பொருள் பொருந்துகிறது. ஆனால் எங்கள் மாவட்டங்களில் அந்தச் சொல்லைக் கேட்டால் சுனாமி முகாமும் யுத்தகால முகாமும்தான் முன்னுக்கு வரும். பாடசாலைக் கையேட்டில் வேண்டாம். ‘காத்துவைப்பு’ என்று எழுதுகிறேன். உள் சேர்ப்பு, வெளிச் சேர்ப்பு, காத்துவைப்பு. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.