உலகம் அழியுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு என்ன பதில்? நாம் எதற்குத் தயாராவது?

நோர்வூட் டீச்சர்:

வணக்கம். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், 2029 ஏப்ரல் 13ஆம் திகதி அப்போபிஸ் என்ற விண்கல் விழுந்து எல்லாம் முடியுதாம். அப்புறம் ஓ.எல். பரீட்சை எழுதி என்ன செய்ய?" என்று கேட்டாள். யூடியூபில் பார்த்திருக்கிறாள். வருசப் பிறப்பு நேரம் என்பதால் அவளுக்கு இன்னும் கலக்கம்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தன் அணுகுண்டு என்றான். ஒருத்தி ஏஐ என்றாள். கொரோனாவை விட மோசமான ஒன்று வரும் என்றாள் இன்னொருத்தி. கடைசி வாங்கில் இருந்த பையன் மட்டும், "கல்லு எதுக்கு டீச்சர், எங்களுக்கு மலை சரிஞ்சா போதும்" என்றான். டித்வா புயலில் அவர்கள் இருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மண்மேடு இறங்கியது. குடும்பம் இன்னும் மாமா வீட்டில் ஒரு காம்பராவில்தான் இருக்கிறது.

"பயப்படாதீங்க, ஒன்றும் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியதை, 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் அம்மாவோடு நின்றதை, டித்வாவை, எல்லாவற்றையும் பார்த்த பிள்ளைகள் இவர்கள். நடக்காது என்று நாம் நினைத்தவைதான் அவர்கள் கண்முன் நடந்தன.

மனித இனத்தையே பாதிக்கக்கூடிய ஆபத்துகளில் எதை நாம் உண்மையில் பெரிதாக எடுக்க வேண்டும்? எங்களைப் போன்ற ஒரு சமூகம் அதற்குத் தயாராவதில் அர்த்தம் உண்டா, இல்லை அது வல்லரசுகளின் வேலையா? வெள்ளிக்கிழமை இரண்டு பாடவேளை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கண்டி பௌதிகம்:

முதலில் அந்தப் பிள்ளையின் கல்லை முடித்துவிடுவோம். அப்போபிஸ் 2029இல் பூமிக்கு ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். தொலைக்காட்சி செய்மதிகள் சுற்றும் உயரத்தை விட அது கிட்டத்தான், ஆனால் மோதாது. இன்னும் குறைந்தது நூறு வருடத்துக்கு அதனால் ஆபத்து இல்லை என்று நாசா 2021இலேயே கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டது. 2022இல் டிமோர்ஃபோஸ் என்ற சின்னக் கல்லில் வேண்டுமென்றே ஒரு விண்கலத்தை மோத விட்டு, அது இன்னொரு பெரிய கல்லைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்தும் காட்டினார்கள். பார்க்க ஆள் இருக்கிறது, தடுக்க வழி தேடுகிறார்கள். ஓ.எல். எழுதச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை மனிதனே செய்து வைத்தவற்றில்தான். கல்லையும் எரிமலையையும் தாங்கி மனித இனம் சுமார் மூன்று லட்சம் வருடம் வந்துவிட்டது. அணுகுண்டோடு வாழத் தொடங்கியது 1945இலிருந்துதான். ஆய்வுகூடத்தில் மாற்றிய கிருமி, மனிதக் கட்டுப்பாட்டை மீறக்கூடிய ஏஐ ஆகியவை இன்னும் புதியவை. ஏஐயால் மனித இனம் அழியும் அபாயத்தைக் குறைப்பதைப் பெருந்தொற்று, அணுப்போர் போல உலகளாவிய முன்னுரிமையாக எடுக்க வேண்டும் என்று 2023 மே மாதம் ஏஐ விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன் உட்படப் பலர் கையெழுத்திட்டார்கள். இவர்களில் பலர் அந்தத் துறையை வளர்த்தவர்களே.

இன்னொன்று. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வீசிய கந்தகம் வெயிலை மறைத்ததால் அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைகாலமே ஒழுங்காக வரவில்லை, விளைச்சல் போய்ப் பஞ்சம் வந்தது. பெரிய அணுப்போர் நடந்தால் எரியும் நகரங்களின் புகையும் வானத்தில் அதைத்தான் செய்யக்கூடும். குண்டு எங்கே விழுந்தாலும் பட்டினி இங்கேயும் வரும். நாம் ரொட்டி சுடும் மா முழுக்கக் கப்பலில் வரும் கோதுமை.

ஹாலிஎல கணக்கப்பிள்ளை (ஓய்வு):

டீச்சர், அந்தக் கடைசி வாங்குப் பையனிடமிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.

நான் வேலை செய்த தோட்டத்தில் ஆபீசுக்கு முன்னால் மழைமானி ஒன்று இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டு முடிந்ததும் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவோம். முன்பெல்லாம் அந்தக் கணக்கு கொழுந்து எவ்வளவு வரும் என்று பார்க்க மட்டும்தான். பிறகுதான் அது உயிர்க் கணக்கு என்று தெரிந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், வீட்டை விட்டுக் கிளம்பு. இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. இதில் பெரிய விசயம், அந்த எல்லைக் கோட்டை மழை வருவதற்கு முன்னாலேயே போட்டு வைத்திருப்பது. நடுச்சாமத்தில் துரையும் தலைவரும் கூடி "போவோமா, இருப்போமா" என்று பேசத் தேவையில்லை.

டித்வா இரவில் எங்கள் பக்கம் கரண்ட் போனது, சிக்னலும் போனது. ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சங்கு கரண்ட் இல்லாமல் ஊதாது. எச்சரிக்கை போனில் வரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. தப்படிக்கிற பையன்கள் இரண்டு பேர் மழையில் நனைந்துகொண்டே மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரைக்கும் தப்பை அடித்துக்கொண்டு போனார்கள். நனைந்த தோல் சரியாகச் சத்தம் கொடுக்கவில்லை. விளிம்பிலே அடித்தார்கள். சனம் எழும்பிப் பாடசாலைக்குப் போனது. விடியும்போது இரண்டு காம்பரா மண்ணுக்குள்.

ஆனால் கோடும் தப்பும் மட்டும் போதாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய் இருக்க இடம் இல்லை. சொந்தமாக ஏழு பேர்ச்சஸ் காணி இல்லாதவனிடம் "இடம் மாறு" என்றால் அவன் எங்கே மாறுவான்?

கண்டித் தம்பி சொன்ன ஆபத்துகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஏஐயில் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று எல்லா நாடும் ஒத்துக்கொண்ட 150 எங்கே? ஆய்வுகூடக் கிருமிக்கு எங்கே? 1983 செப்டம்பர் 26இல் அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று சோவியத் கருவி காட்டியபோது, ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி அது பிழையான எச்சரிக்கை என்று தன் புத்தியால் முடிவெடுத்தார். அவர் நினைத்தது சரி. ஆனால் உலகத்தின் உயிரை ஒரு மனிதனின் அந்த நேரத்து மனநிலையில் விட்டு வைப்பது தயார்நிலை இல்லை. முன்கூட்டியே கோடு போடு, சொல்ல ஆளை நியமி, ஒதுங்க இடம் கொடு. சமூகம் செய்ய வேண்டியது இந்த மூன்றும்தான். தோட்டத்துக்கும் இதுதான், ஐக்கிய நாடுகளுக்கும் இதுதான்.

மஸ்கெலியா மீனா:

கணக்கப்பிள்ளை ஐயா சொன்னதில் காணி விசயம் நூற்றுக்கு நூறு. ஆனால் ஏஐ, அணுகுண்டு என்று பிள்ளைகளின் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? எங்கள் அம்மாவுக்குப் பேர் விழுகிற, அதாவது நாள் சம்பளம் பதிகிற நாள்தான் எங்களுக்குச் சோறு. அதை முதலில் பேசுங்கள்.

பேராதனை விவசாய மாணவன்:

மீனா அக்கா, சோற்றைப் பற்றித்தான் நானும் சொல்ல வருகிறேன். இந்த மலைநாடே ஒரு முறை ஒரே பயிரை நம்பி விழுந்த இடம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் நாசமாகிவிட்டன. வேலை போன நம் முன்னோர் எத்தனையோ பேர் வந்த வழியே திரும்பினார்கள். மிஞ்சியவர்களுக்கு வேலை கொடுத்தது தேயிலை. அந்தத் தேயிலையை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டது 1867இல். அதாவது துருவைக் காணுவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே மாற்றுப் பயிர் மண்ணில் இருந்தது. தயாராவது என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த 19 ஏக்கர்தான். துரைமாருக்கு அது லாபமானது, நமக்கு மறுபடியும் லயம்தான் கிடைத்தது, அது வேறு கதை.

1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். பாட்டிமாரிடம் கேளுங்கள், சொல்வார்கள். அதற்குப் பிறகும் நாம் கோதுமை மாவையே நம்பி இருக்கிறோம். மரவள்ளி, வத்தாளை, உருளைக்கிழங்கு, குரக்கன் எல்லாம் நம் மண்ணில் வரும். அவற்றின் விதையும் நாற்றும் ஊரிலேயே இருக்க வேண்டும். கன்னொறுவையில் அரசாங்கத்தின் விதை வங்கி இருக்கிறது, ஆனால் ஊரில் ஒரு பானை விதையும் தேவை. லயத்துக்கு முன்னால் உள்ள நாலு அடித் தோட்டமும் நாளைக்கே பறிபோகலாம் என்றால் யார் நடுவார்கள்? அதனால் இதிலும் காணிதான் முதல் படி.

நோர்வூட் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மீனா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏஐயைப் பற்றிக் கேட்டதே பிள்ளைகள்தான். அதை மறைத்தால் யூடியூப்தான் சொல்லிக்கொடுக்கும். நம் பிள்ளை ஒன்று நாளைக்கு அந்தக் கோட்டைப் போடும் மேசையில் உட்காரலாம், அதற்கு இப்போதே கேட்டுப் பழக வேண்டும்.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை அப்போபிஸும் தம்போராவும். இரண்டாவதில் வகுப்பே மழைமானி செய்யப் போகிறது. கணக்கப்பிள்ளை ஐயா, எங்கே வைப்பது, எத்தனை மணிக்குப் பார்ப்பது?

ஹாலிஎல கணக்கப்பிள்ளை (ஓய்வு):

மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமான போத்தல் எடுங்கள் மகள். கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனல் போல வையுங்கள். அடி தட்டையாக இல்லாவிட்டால் கூழாங்கல் போட்டு, மேலே தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாக அடையாளம் போடுங்கள். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளித் திறந்த இடத்தில் இருக்கட்டும். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அடைமழை என்றால் மணிக்கு ஒருமுறை பெரியவர் யாராவது பார்க்க வேண்டும், பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். இது சரியான கருவி இல்லை, அதனால் அரசாங்க எச்சரிக்கை வந்தால் போத்தலைப் பார்த்து நிற்காமல் கிளம்புங்கள். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ எந்த அளவுக்கும் காத்திருக்காதீர்கள். கொப்பியை மாதம் ஒருமுறை கிராம உத்தியோகத்தரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். காணி கேட்டுப் போகும்போது அதுவும் கையில் இருக்கட்டும்.