திருமணமாகாதவர்களுக்கான மனநல ஆலோசனையில் இறைநம்பிக்கைக்கு இடம் உண்டா?

கேள்வி: மாலைநிலவு, செந்தூல், கோலாலம்பூர்

வணக்கம். எனக்கு வயது 43, திருமணம் ஆகவில்லை. கணக்குத் துறையில் வேலை செய்துகொண்டு, தாயாருடன் வசிக்கிறேன். சிறு வயதிலிருந்தே வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் பழக்கம் உள்ளவள் நான்; ஆனால் அண்மைக் காலமாகப் போய் வந்தாலே மனம் கனத்துப்போகிறது. அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்துப் பெயரும் நட்சத்திரமும் சொன்னதும், "வீட்டுக்காரர் பெயர்?" என்று குருக்கள் கேட்பார். இல்லை என்றவுடன் பக்கத்தில் நிற்கும் அம்மாமார்கள் பரிகாரம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை இராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்குப் போட்டாயிற்று; திருமணஞ்சேரிக்கும் போய் வந்தாயிற்று. எலுமிச்சையைப் பிழிந்து, மூடியைப் புரட்டி, நெய்விட்டுத் திரியிடும்போது, எதை வேண்டிக்கொள்வது என்றே இப்போது எனக்குத் தெரியவில்லை. ஏதோ முன்வினைக்காக இறைவன் என்னை ஒதுக்கி வைத்திருக்கிறான் என்ற எண்ணம் தூக்கத்தையும் கெடுக்கிறது.

மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். அவர் என் பக்தியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் அங்கே என்னால் பேச முடியாது. கோயிலில் சொல்வதைப் போலவே அவரும் கல்யாணத்தையே மருந்தாகச் சொன்னால், அதற்குக் கட்டணம் கட்டிப் போக வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஆலோசகர், பெட்டாலிங் ஜெயா

வணக்கம் சகோதரி. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, பதிவும் தொழில் நடத்துவதற்கான செல்லுபடியாகும் சான்றிதழும் இல்லாத எவரும் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது. "கவுன்சலிங்" என்று பலகை மாட்டியிருக்கும் சோதிடர்களும் உண்டு. ஆகவே முதலில் பதிவைக் கேளுங்கள். நீங்கள் பேசுவதை வெளியே விடக் கூடாது என்ற கடமை பதிவு பெற்றவருக்கு உண்டு. கோயில் மண்டபத்தில் ஆறுதல் சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் நம் சமூகத்தில் இது சிறிய விஷயம் அல்ல. கட்டணம் சுமையாகத் தோன்றினால், எல்.பி.பி.கே.என். என்னும் அரசு வாரியத்தின் குடும்ப மையங்களிலும் ஆலோசனைச் சேவை உள்ளது. பெயர்தான் குடும்ப மையம், திருமணமாகாதவர்களும் போகலாம்.

இனி பக்தியைப் பற்றி. சமயம் மனத்துக்கு எப்படித் துணை நிற்கிறது, எப்போது சுமையாகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் நீண்ட காலம் ஆராய்ந்தவர். இறைவன் உடன் இருக்கிறான் என்று நம்பித் துன்பத்தைத் தாங்குவதையும், இறைவன் தண்டிக்கிறான், கைவிட்டுவிட்டான் என்று எண்ணிக் குமைவதையும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். பின்னது மனச்சோர்வோடு சேர்ந்தே பெரிதும் காணப்படுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் முன்வினைப் பேச்சு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இதில் ஆலோசகரின் வேலை பக்தியை அகற்றுவதன்று. அந்தத் தண்டனை எண்ணம் எப்போது, யார் வாயிலிருந்து வந்து உங்களுக்குள் குடியேறியது என்று உங்களோடு சேர்ந்து பார்ப்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு. அமையாமலே போன கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் துக்கம் கொண்டாட எந்தச் சடங்கும் இல்லை. அந்தத் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லப் பலருக்கு முதன்முறையாக ஆலோசனை அறையில்தான் இடம் கிடைக்கிறது.

முதல் சந்திப்பிலேயே, "நான் கோயிலுக்குப் போகிறவள், திருமணம் நடக்காவிட்டாலும் என் வாழ்க்கை நிறைவாக இருக்க வேண்டும், இதற்கு உங்களால் உதவ முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். பதிலில் தயக்கமோ கிண்டலோ தெரிந்தால் வேறு ஒருவரைத் தேடலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் மருத்துவரையும் பாருங்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) என்னும் உதவி அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

பதில்: அந்தோணி, புலாவ் தீக்குஸ், பினாங்கு

தேவாலயத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான், சகோதரி. திருமணமாகாதவர் ஆண்டவருக்குரியவற்றில் கவலை செலுத்துகிறார் என்று புனித பவுல் எழுதியிருந்தும், குருவாகவோ கன்னியராகவோ ஆகாமல் தனியாக வாழும் பொதுநிலையினருக்குப் பங்கில், அதாவது தேவாலயச் சமூகத்தில், தனி இடம் இல்லை. இளையோர் குழுவுக்கு வயது கடந்துவிடுகிறது. தம்பதியர் குழுவுக்குத் தகுதி இல்லை. கடைசியில் நாற்காலி அடுக்கும் வேலைக்கு மட்டும் முதலில் கூப்பிடுவார்கள்.

பதில்: தண்ணீர்மலை அடியார், பினாங்கு

நான் 61 வயதுப் பிரம்மச்சாரி. ஆலோசகர் ஐயா எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. "தனிமைதான் சுதந்திரம்" என்று பாடம் நடத்தும் ஆலோசகரும் பரிகாரம் சொல்பவருக்கு இளைத்தவர் அல்லர். இருவருமே எதிரில் இருப்பவரின் ஆசை என்னவென்று கேட்பதில்லை. தங்கை இன்னும் திருமணத்தை விரும்பினால், அதை அறையில் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். விரும்புவதும் பக்திக்கு முரணன்று.

அப்பரின் தமக்கை திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். மணம் பேசி முடித்த கலிப்பகையார் போரில் மாண்டபோது அந்த அம்மையார் உயிர்விடத் துணிந்தார். தம்பிக்காகவே உயிர் தாங்கினார். திருவதிகைக் கோயிலில் அலகிடுவதும் மெழுகுவதும் மாலை தொடுப்பதுமாக வாழ்ந்தார். சூலை நோயோடு திரும்பிவந்த அந்தத் தம்பிக்குத் திருநீறு கொடுத்தவரும் அவரே. அந்த வரலாற்றில் அவர் துயரத்தை யாரும் மறைக்கவும் இல்லை, அவர் ஏதோ வினையால் ஒதுக்கப்பட்டவர் என்று சொல்லவும் இல்லை. நம் கோயில்களில் குரு பூசையன்று அப்பரைப் போற்றும் பெரியவர்கள், அவருடைய தமக்கையார் மணமாகாதவர் என்பதை வெள்ளிக்கிழமை வரிசையில் மறந்துவிடுகிறார்கள்.

மாலைநிலவு

அனைவருக்கும் நன்றி. ஆசை இருக்கிறதா என்று தண்ணீர்மலை ஐயா கேட்டது எனக்குச் சுருக்கென்று பட்டது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஒரு சந்தேகம்: அம்மாவையும் ஆலோசனைக்கு அழைத்துப் போக வேண்டுமா? தான் போனபின் எனக்கு யார் என்பதே அவருடைய கவலை.

ஆலோசகர், பெட்டாலிங் ஜெயா

தொடக்கத்தில் தனியாகவே போங்கள். சில சந்திப்புகளுக்குப் பிறகு, நீங்கள் விரும்பினால், தாயாரை ஒருமுறை அழைக்கலாம். அவர் கவலைக்குள் பணம், வீடு, முதுமைப் பராமரிப்பு ஆகியவையும் இருக்கின்றன. உயில், ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனம், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி அவரிடம் காட்டுங்கள். கல்யாணப் பேச்சு பல வீடுகளில் அதன்பின் தானாகவே குறைந்திருக்கிறது.