கேஸ் ஸ்டடிக்குத் தமிழ்: ‘ஆய்வு’ என்ற வால் எதற்கு?

மடல் 1: புதுச்சேரி, மேலாண்மை விரிவுரையாளர்

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கேஸ் ஸ்டடி வைத்து வணிகப் பாடம் நடத்துவது பற்றிப் புதிதாக வேலைக்குச் சேரும் விரிவுரையாளர்களுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே சொல் இடறுகிறது. நேர்வு ஆய்வு, நிகழ்வாய்வு, தனியாள் ஆய்வு, வழக்காய்வு என்று பல புழங்குகின்றன. எதுவும் வகுப்பில் நடப்பதைச் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். ஒரு நிறுவனத்தின் சிக்கல் எழுத்தில் வகுப்புக்கு முந்தின நாளே மாணவர் கைக்குப் போய்விடும். கணக்கு, கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் அதற்குள் சிதறிக் கிடக்கும். அதைப் படித்துவிட்டு வந்து, முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, ‘நான் இதைச் செய்வேன், காரணம் இது’ என்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதும், வந்த பதில்களைப் பலகையில் பிரித்து எழுதுவதும், வாயே திறக்காமல் இருக்கும் பெண்ணைப் பேச்சுக்குள் இழுப்பதும்தான் விரிவுரையாளர் வேலை.

‘ஆய்வு’ என்று பெயர் வைத்ததும் என்ன ஆகிறது? முடிந்துபோன ஒன்றை வெளியில் நின்று பார்க்கிற தோரணை வந்துவிடுகிறது. விரிவுரையாளரே கதையைச் சொல்லி, அவரே அலசி, ‘ஆகவே இந்நிறுவனம் நட்டப்பட்டது’ என்று முடித்துவிடுகிறார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பழைய விரிவுரைக்குப் புதுச் சட்டை.

ஆராய்ச்சி முறைக்கு நேர்வு ஆய்வு இருந்துவிட்டுப் போகட்டும். கற்பிக்கிற முறைக்குத் தனிச்சொல் வேண்டும். சொல்லுங்கள்.

மடல் 2: கடலூர், ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர்

அம்மா, என்னைக் கேட்டால் ‘கேஸ் ஸ்டடி’ என்றே விட்டுவிடலாம். தேவனாம்பட்டினத்தில் பஸ் ஏறும் பையனுக்கும் அது தெரியும். ஆனால் குழு என்று வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

முதலில் ‘வழக்கு’ வேண்டாம். அது வணிகச் சட்டத் தாளுக்குச் சொந்தம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் நடத்தும்போது, சிறார் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் தீர்ப்பான மோகரி பீபி வழக்கைச் சொல்லாமல் நகர முடியாது. அதே மாணவரிடம் அடுத்த பீரியடில் செருப்புக் கம்பெனியின் விற்பனைச் சரிவையும் ‘வழக்கு’ என்றால், யார் யார்மேல் கேஸ் போட்டார்கள் என்றுதான் கேட்பார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்ததற்குக் காரணம் உண்டு. ஹார்வர்டு சட்டப் பள்ளியில் லாங்டெல் 1870இல் தீர்ப்புகளைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்டே சட்டம் நடத்தத் தொடங்கினார். 1908இல் திறந்த அங்குள்ள வணிகப் பள்ளி அந்த முறையைக் கடன் வாங்கியது. 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐஐஎம் ஹார்வர்டின் கூட்டோடு அதை இங்கே வேரூன்றச் செய்தது. அவர்கள் நீதிமன்றத்திலிருந்து எடுத்தார்கள் என்பதற்காக நாமும் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.

‘நிகழ்வு’ம் சரிவராது. புள்ளியியலில் நிகழ்ச்சி, நிகழ்தகவு என்று ஏற்கெனவே ஒரு குடும்பமே குடியிருக்கிறது. ‘தனியாள் ஆய்வு’ உளவியல்காரர்களுடையது. சர்க்கரை ஆலை எப்படித் தனியாள் ஆகும்?

என் ஓட்டு ‘இக்கட்டு’க்கு. இக்கட்டில் மாட்டியவன் ஏதாவது முடிவெடுத்தே ஆக வேண்டும். ‘இக்கட்டுப் பாடம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

மடல் 3: நெல்லித்தோப்பு, மொழிபெயர்ப்பாளர்

ஐயா, சொல் அழகுதான். ஆனால் நன்றாக ஓடுகிற கடைக்காரர் காந்தி வீதியில் இரண்டாவது கடை போடலாமா என்று யோசிப்பதும் வகுப்புக்கு உரிய சிக்கல்தானே? அதில் இக்கட்டு எங்கே இருக்கிறது?

‘நேர்வு’ மட்டும் போதும் என்று நினைக்கிறேன். அரசாணைகளில் ‘இந்நேர்வில்’ என்று எத்தனையோ காலமாக எழுதிவருகிறோம். ‘எனக்கு இப்படி நேர்ந்தது’ என்கிறோம், அதில் ஆள் இருக்கிறார். வாலை வெட்டினால் சரியாகிவிடும்.

மடல் 4: கடலூர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சங்கடம். ‘நாளைக்கு நேர்வு’ என்று சொன்னால் கடைசி பெஞ்சுக்குத் ‘தேர்வு’ என்று கேட்கும். பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மடல் 5: புதுச்சேரி, மேலாண்மை விரிவுரையாளர்

ஐயா சொன்னதைப் படித்துச் சிரித்தேன், ஆனால் அது நியாயமான தடை. கலைச்சொல்லைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்கிறோம். வகுப்பில் அது காதுக்குத்தான் போகிறது. ஆகவே தனித்து நிற்க விடாமல் இப்படிப் பிரித்துக்கொள்ளலாமா? மாணவர் கையில் கொடுக்கும் தாள் ‘நேர்வேடு’. அதை வைத்து நடத்தும் முறை ‘நேர்வுப்பாடம்’. ஏட்டுக்குள் முடிவெடுக்க வேண்டிய ஆள் ‘முடிவாளர்’. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முடிவாளர் யார் என்று காட்ட முடியாத ஏடு, நேர்வேடே இல்லை. அது வெறும் நிறுவன வரலாறு.

சொற்கள் தாங்குமா என்று பார்க்க நானே கற்பனையாக ஒன்று கட்டினேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் சிறு ஆலை. காலம் 2012 ஜனவரி. முந்தின டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறி வட்டாரத் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர மூன்று ஆண்டாவது ஆகும். ஆப்பிரிக்கக் கொட்டையைத் தூத்துக்குடி வழியாக இறக்கலாம்; அதற்கு மொத்தமாகப் பணம் புரட்ட வேண்டும். 80 கிலோ மூட்டையில் எவ்வளவு பருப்பு தேறும் என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். 180, 240, 320 என்ற தரம், ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கிறது என்ற கணக்கு. பருப்பு சிறுத்தால் விலையும் இறங்கும். உடைக்கிற பெண்களை இப்போது அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைப்பார்களா? திங்கட்கிழமை முடிவாளர் வங்கிக்குப் போக வேண்டும். கடன் வாங்கி இறக்குமதியா, ஓராண்டு மூடலா, பிறர் கொட்டையைக் கூலிக்கு உடைத்துக் கொடுப்பதா?

நிதி, மனிதவளம், கொள்முதல் மூன்றையும் தனித்தனித் தாளாகப் படித்தவர்கள் இங்கே மூன்றையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டியிருக்கும்.

அறுபது பேர், நகர்த்த முடியாத பெஞ்சு என்றால் எப்படி என்று கேட்பீர்கள். முதலில் ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் தன் முடிவை எழுதட்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அதற்குப் பிறகே வகுப்பு முழுவதற்கும் சொல்லட்டும். இந்த வரிசையை அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இலேயே எழுதிவிட்டார். விவாதம் முடிந்ததும் மறுபடி ஒரு சீட்டு. ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் இப்படித்தான் இரண்டு முறை பதில் வாங்கினார், நடுவில் மாணவர்களே ஒருவரையொருவர் சம்மதிக்க வைக்க வேண்டும். ஆனால் இயற்பியலில் சரியான விடை ஒன்று உண்டு. நம் ஆலைக்கு இல்லை. முடிவை மாற்றியவர் ஏன் மாற்றினார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். உள்மதிப்பெண் கொடுப்பதானால் அந்தக் காரணத்துக்கே கொடுக்கலாம், எத்தனை தடவை கை தூக்கினார் என்று எண்ண வேண்டாம்.

மணி அடிக்கும்போது யாராவது ‘மிஸ், ஆன்சர் என்ன?’ என்று கேட்பார்கள். அங்கே வாயைத் திறந்தால் அடுத்த வாரம் ஒருவரும் ஏட்டைப் படித்துவிட்டு வரமாட்டார்கள். எப்படியும் கடைசியில் மிஸ் சொல்லிவிடுவார் என்று காத்திருப்பார்கள்.

இன்னும் ஒன்றுக்குச் சொல் இல்லை. நேர்வேட்டோடு விரிவுரையாளருக்கு மட்டும் தனியாகத் தருகிற ‘டீச்சிங் நோட்’. எந்தக் கேள்வியில் தொடங்குவது, பலகையை எப்படிப் பங்கு பிரிப்பது எல்லாம் அதில் இருக்கும். ‘பாடக்குறிப்பு’ வேண்டாம், அது பி.எட். காரர்களுடையது.

மடல் 6: கடலூர்

‘நடத்துகுறிப்பு’? யோசியுங்கள். ‘நேர்வேடு’ என் காதுக்குத் தேர்வாகக் கேட்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அம்மா, உங்கள் ஆலைக் கணக்கில் உடைகூலி எவ்வளவு என்று எங்குமே இல்லையே. அது தெரியாமல் மூன்றாவது வழியைப் பற்றி எந்த மாணவரும் பேச முடியாது, வங்கி மேலாளரும் உட்காரச் சொல்ல மாட்டார். அதைச் சேர்த்து அனுப்புங்கள், ஏட்டை முழுசாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.