ஒரே சிவியை ஊருக்கெல்லாம் அனுப்பி மாட்டிக்கொண்ட கதைகள் (ஊர்ப் பெயரையே புனைபெயராக வைத்திருக்கும் மூன்று பேர் சொன்னவை)

தேங்காப்பட்டணம்:

பி.எச்டி முடித்தபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு சிவி, அதாவது வேலைக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பு, பதினொரு பக்கம். ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளருடைய சிவியை வாங்கி அவர் பெயரை அழித்து என் பெயரைப் போட்டுத் தயாரித்தது, அந்த வடிவம் அவருக்கும் அவருடைய நெறியாளரிடமிருந்து வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா, உயரம் வரைக்கும் அதில் இருந்தது. அதையே ஒரு கல்லூரிக்கும் அனுப்பினேன், கொச்சிப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்துக்கும் அனுப்பினேன், நார்வேயில் ஒரு போஸ்ட்டாக் (பி.எச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடத்துக்கும் அனுப்பினேன். மூன்று இடத்திலிருந்தும் சத்தமே இல்லை.

இதில் எனக்கு ரொம்ப வலித்தது அந்த ஏற்றுமதி நிறுவனம்தான். ஏனென்றால் என் ஆய்வே குளச்சலில் இறங்கும் சாளை மீனைப் பற்றியது. பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் வைத்தால் பாக்டீரியா அதில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சாக மாற்றிவிடும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் இந்த அளவு கூடிவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் மூன்று வருஷம் அளந்தது இதைத்தான். இவர்களுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அக்கா மாப்பிள்ளை தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு வந்தபோது அவரிடம் சிவியைக் காட்டினேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஐந்தாம் பக்கம் என்று புரட்டிக்கொண்டே போனவர், "நீ மீனைப் படிச்சியா, இல்ல கருத்தரங்குக்குப் போய் சர்டிபிகேட் சேர்த்தியா?" என்று கேட்டார். கோபம்தான் வந்தது. ஆனால் எடுத்துப் பார்த்தால் ஹிஸ்டமின் என்ற சொல் ஒன்பதாம் பக்கத்தில், 'கலந்துகொண்ட பயிலரங்குகள்' என்ற தலைப்புக்குக் கீழே பதினான்காவது வரியில் கிடந்தது. ஆய்வேட்டின் தலைப்பில் சாளையின் லத்தீன் பெயர் இருந்தது, அதை ஹெச்ஆரில் உட்கார்ந்திருப்பவர் மீன் என்று எப்படிக் கண்டுபிடிப்பார், நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து இரண்டு பக்கமாக எழுதினோம். முதல் வரியிலேயே 'மீனில் ஹிஸ்டமினை எச்பிஎல்சி கருவியில் சோதிப்பதில் மூன்று வருட அனுபவம், சுமார் 400 மாதிரிகள்' என்று போட்டோம் (எச்பிஎல்சி என்பது மாதிரியில் இருக்கும் வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி). எட்டு ஆய்வுக் கட்டுரையும் ஒரே வரிக்குள் அடங்கின. என் மனசு கேட்கவில்லை, அத்தான் விடவில்லை. அந்த நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தபோது இதை அனுப்பினேன், கூப்பிட்டார்கள். நேர்காணலில் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மாதிரி ஓட்டுவாய், ஞாயிற்றுக்கிழமை கருவி நின்றுபோனால் என்ன செய்வாய், இதுதான் திரும்பத் திரும்ப. நின்றுபோன கதை என்னிடம் மூன்று வருஷத்துக்கு இருந்தது, சொல்லிக்கொண்டே போனேன்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு:

அக்கா, நல்ல கதை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் கல்லூரி வேலைக்கு இரண்டு பக்கம் அனுப்பிவிடாதீர்கள். அங்கே மார்க் போட்டுத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் கல்லூரிகளுக்கு ஒரு அட்டவணை, பல்கலைக்கழகங்களுக்கு ஒரு அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. கல்லூரி அட்டவணையில் பி.எச்டிக்கு 25, ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகைத் தகுதி) உடன் நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) என்றால் 10, வெறும் நெட் 8, கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் போட்டாலும் மொத்தம் 6 தான், பாடம் நடத்திய அனுபவம் வருஷத்துக்கு 2 வீதம் 10 வரைக்கும். பல்கலைக்கழகம் என்றால் பி.எச்டிக்கு 30, கட்டுரைக்கு 10 வரை போகும்.

இது தெரியாமல் பதினான்கு கட்டுரையை முன்னால் அடுக்கி வைத்தேன். கல்லூரிக்கு மூன்று போதும், மீதிப் பதினொன்றுக்கு ஒரு மார்க் கிடையாது! சுயநிதிக் கல்லூரிகளில் நான்கு வருஷம் நடத்தியதை மட்டும் 'நான்கு ஆண்டு அனுபவம்' என்று கடைசியில் ஒரே வரியாக எழுதியிருந்தேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இல்லை, சான்றிதழ் நகலும் இல்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, "தேதி இல்லாத அனுபவத்துக்கு நாங்க எப்படி சார் மார்க் போட முடியும்?" என்றார்கள். 8 மார்க், கட்டுரைக்குக் கிடைக்கிற மொத்தத்தைவிட அதிகம், அப்படியே போனது. இப்போதெல்லாம் முதல் பக்கத்தில் அட்டவணையின் வரிசையிலேயே எழுதி, எதிரே எந்த இணைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று போட்டுவிடுகிறேன். அந்த மார்க் நேர்காணலுக்குக் கூப்பிடுவதற்கு மட்டும்தான், உள்ளே போனபிறகு அதற்கு வேலை இல்லை. ஆனால் வாசலைத் தாண்டினால்தானே உள்ளே!

ரப்பர்க்காடு:

என் பிரச்சினை பெயரில் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். என் முதல் கட்டுரையில் இனிஷியல் முன்னால், இரண்டாவதில் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரே சர்நேம் ஆகிவிட்டது, மூன்றாவது கட்டுரை அந்தப் பெயரில் வந்தது. சிவியில் இருப்பது ஒரு பெயர், கட்டுரைகளில் மூன்று பேர். ஜெர்மனியில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பியபோது பதில் வந்தது, 'அன்புள்ள டாக்டர்' என்று போட்டு அப்பாவின் பெயர். அடுத்த வரியில், பட்டியலில் இருக்கும் கட்டுரைகள் எல்லாம் உங்களுடையவைதானா என்று மரியாதையாக ஒரு கேள்வி. எங்கள் அப்பா பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர், எட்டாம் வகுப்பு.

அதற்கப்புறம்தான் ஆர்கிட் (ORCID) எண், அதாவது ஆய்வாளர்களுக்கான அடையாள எண், வாங்கினேன். 16 இலக்கம், இலவசம், எந்தப் பெயரில் வந்த கட்டுரையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது சிவியில் என் பெயருக்கு நேர் கீழே அதுதான் இருக்கிறது. கட்டுரைப் பட்டியலில் என் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் வைத்தேன். அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் போட்டோ, வயது, மதம் எதுவும் வேண்டாம் என்று ஒரு சீனியர் சொன்னார், எடுத்துவிட்டேன்.

தேங்காப்பட்டணம்:

தம்பி, உயரத்தையும் எடுத்தாச்சு. :) பதினொரு பக்கக் கோப்பை நான் அழிக்கவில்லை, அதில்தான் எல்லாத் தேதியும் இருக்கிறது, மாசக் கடைசியில் ஒரு வரி இரண்டு வரி சேர்ப்பேன், அதிலிருந்துதான் ஒவ்வொன்றுக்கும் வெட்டி எடுக்கிறேன். 'அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி கம்பெனிக்குப் போவதில் இல்லை, கல்லூரிக்குப் போவதில் உண்டு. ஒரு தடவை அது இல்லை என்று விண்ணப்பத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆமா, அந்த ஜெர்மன்காரருக்கு என்ன பதில் போட்டாய்?

ரப்பர்க்காடு:

விளக்கி எழுதினேன் அக்கா, மன்னிப்புக் கேட்டார், இடம் மட்டும் கிடைக்கவில்லை. அப்பா அந்த முதல் மெயிலை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி லேமினேஷன் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார், அது தப்பாக வந்த மெயில் என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.